காசு கொடுக்கும் கோடைக்கால ஃபெலோஷிப்: மதுரைப் பக்கத்து ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு

ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ படிக்கிறீர்கள். மே மாத லீவில் ஏதோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து டாய்லெட் டீட்டெயில் வரைவதற்குப் பதிலாக, குடிசைப் பகுதி, கிராமம், அரசுப் பள்ளி, கண்மாய்க்கரை என்று மக்களோடு சேர்ந்து செய்யும் வேலையில் இருக்க வேண்டும், அதற்குக் கைச்செலவுக்காவது பணமும் வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நியாயமான ஆசைதான். டிசம்பர், ஜனவரி வந்தால் இதே கேள்வியோடு பிள்ளைகள் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், பணம் எந்தப் பக்கம் போகிறது?

ஃபெலோஷிப், இன்டர்ன்ஷிப், சம்மர் ஸ்கூல், வொர்க்‌ஷாப், இந்த நான்குக்கும் போஸ்டர் ஒரே மாதிரிதான் இருக்கும். மண் சுவர், சிரிக்கும் குழந்தைகள், கீழே ஒரு கடைசித் தேதி. ஆனால் சிலவற்றில் அவர்கள் உங்களுக்குக் காசு தருவார்கள், சிலவற்றில் நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் மண் கட்டுமான வகுப்புகள், திருவண்ணாமலைப் பக்கம் நடக்கும் இயற்கைக் கட்டுமானப் பட்டறைகள் எல்லாம் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்பவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல படிப்புதான், ஆனால் சம்பாதிக்கும் கோடை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மீதி இரண்டில், ஃபெலோஷிப் என்றால் உங்கள் பெயரில் ஒரு வேலையை ஒப்படைத்து, ஒரு அறிக்கையோ வடிவமைப்போ கட்டி முடித்த ஒரு சின்னக் கட்டடமோ எதிர்பார்ப்பார்கள். இன்டர்ன்ஷிப் என்றால் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையில் நீங்கள் ஒரு கை. நம் நாட்டில் ஃபெலோஷிப் என்ற பெயரோடு வருபவை பெரும்பாலும் படிப்பை முடித்தவர்களுக்கானவை. தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருஷம், 22 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மத்திய நகர்ப்புற அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ-யும் 2020-இல் தொடங்கிய டியூலிப், மாநகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனங்களிலும் ஸ்டைபெண்டோடு (மாத உதவித்தொகையோடு) இடம் தரும் திட்டம், அதுவும் படிப்பு முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு. இவற்றை ஐந்தாம் வருஷ முடிவுக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே வேண்டும் என்றால் இன்டர்ன்ஷிப் என்ற பெயரிலும் தேடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடங்களில் பாதி உங்கள் கண்ணில் படாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சேவை மாதிரியான வேலை, இதற்குப் போய்க் காசு கேட்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள். கேட்கலாம், கேட்க வேண்டும். காசே தராத இடத்துக்கு யார் போக முடியும்? இரண்டு மாத ரூம் வாடகையை வீட்டிலிருந்து வாங்கக்கூடியவர் மட்டும்தான். தெருக்குழாயில் குடம் வைத்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த வேலை உண்மையில் புரியும், அந்தப் பிள்ளைதான் வெளியே நிற்கிறது. பங்களாவை அளந்தாலும் குடிசையை அளந்தாலும் அதே டேப், அதே வெயில்.

தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதம் 12,000 ரூபாய் என்று மும்பையில் ஓர் இடம், மாதம் 6,000 ரூபாயும் தங்குமிடமும் மதியச் சாப்பாடும் என்று ஒரு சின்ன ஊரில் இன்னொரு இடம் என்றால், இரண்டாவதில்தான் கையில் காசு நிற்கும். ரயில், ரூம், சாப்பாடு, சைட்டுக்குப் போய்வரும் பஸ், பிரிண்ட், இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள். குஜராத் மாதிரித் தூரமான இடம் என்றால் ரயிலிலேயே போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

புஜ் நகரத்தில் ஹுன்னர்ஷாலா. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு உருவான அமைப்பு, உள்ளூர்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் மையமாக வைத்து மண், கல், மரம் என்று வேலை செய்பவர்கள். அகமதாபாத்தில் மஹிளா ஹவுசிங் டிரஸ்ட், சேவா பெண்கள் அமைப்பிலிருந்து 1994-இல் வந்தது. குடிசைப் பகுதிப் பெண்களோடு வீடு, தண்ணீர், கழிப்பறை, வெப்பம் தாங்கும் கூரை என்று வேலை செய்கிறார்கள். குடிசைப் பகுதி மக்களோடு வேலை செய்பவர்களில் இன்னும் இரண்டு, மும்பையில் 1984-இலிருந்து இருக்கும் ஸ்பார்க், டெல்லியில் க்யூர். பேரிடர் வேலை பிடிக்கும் என்றால் அங்கேயே சீட்ஸ்.

நமக்குப் பக்கம் என்றால் கேரளாவின் காஸ்ட்ஃபோர்ட். 1985-இல் தொடங்கியது, குறைந்த செலவில் கட்டுவதற்குப் பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரோடு சேர்ந்து வளர்ந்தது, திருச்சூரிலும் திருவனந்தபுரத்திலும் ஆபீஸ் உண்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் அதன் ஒடுங்கிய நீளப் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ரேட் ட்ராப் பாண்ட் சுவரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், வெயிலும் குறைவாக இறங்கும். அதைக் கையால் கட்டுகிற கொத்தனார்களோடு நிற்க வேண்டும் என்றால் அங்கே போகலாம். மதுரையிலிருந்து ஓர் இரவுப் பயணம், முதல் தடவை வெளியூர் போகிறவர்களுக்கு வீட்டில் சம்மதம் வாங்குவதும் சுலபம்.

மதுரையிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்களும் உண்டு, வீட்டு நிலைமை அப்படி. அவர்கள் தானம் அறக்கட்டளை பக்கம் பாருங்கள். 1997-இல் தொடங்கிய அமைப்பு, தலைமையிடம் நம் ஊர்தான், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களும் கண்மாய்ப் புனரமைப்பும் அவர்களுடைய பெரிய வேலைகள். அது ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் அல்ல, உங்களுக்கு என்று ஒரு நாற்காலி காத்திருக்காது. ஆனால் ஒரு கண்மாயின் மடை, கலுங்கு, வரத்துக்கால் எல்லாவற்றையும் அளந்து வரைந்து தருகிறேன் என்று குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பொதுவாகவே இந்த வகை அமைப்புகள் எல்லாம் வருஷா வருஷம் கோடை அறிவிப்பு போடுவதில்லை. அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களோடு ஒட்டிய சமூக வடிவமைப்பு மையங்கள் 1960-களிலிருந்து இருக்கின்றன. அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோ 1993-இல் தொடங்கியது, மாணவர்களே ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள், பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலரில் ஒரு வீடு என்பது அவர்கள் கொஞ்ச வருஷம் துரத்திய கணக்கு. படித்துப் பாருங்கள், அருமையான வேலை. ஆனால் இந்த மாதிரி இடங்களின் காசு கொடுக்கும் கோடை வேலைகள் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழக மாணவர்களுக்கோ, அங்கே வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்கோதான். சுற்றுலா விசாவில் போய் ஸ்டைபெண்ட் வாங்க முடியாது. ஜே-1 என்ற விசா வகையில் வெளிநாட்டு மாணவர்கள் பயிற்சிக்குப் போகலாம், அதற்கு அழைக்கும் பக்கம் ஆவணங்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். விண்ணப்பிக்கும் முன் தகுதி என்ற பத்தியை முதலில் படியுங்கள், அழகான படங்களை அப்புறம் பார்க்கலாம். அவர்களுடைய கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நம் செமஸ்டர் அதற்குள் திறந்துவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

காலக்கணக்கு இதுதான். நவம்பரில் இடங்களின் பட்டியல், டிசம்பரில் போர்ட்ஃபோலியோ, பொங்கல் லீவு முடிந்த கையோடு மெயில். பிப்ரவரி கடைசியில் பதில் வராதவர்களுக்கு ஒரு நினைவூட்டல். அழகர் ஆற்றில் இறங்கும்போது உங்கள் கையில் ரயில் டிக்கெட் இருக்க வேண்டும், அப்போதுதான் தேட ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அந்த வருஷம் போனது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு தெரு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தேர்ந்தெடுப்பவர்கள் தேடுவது கம்ப்யூட்டரில் நல்ல ரெண்டர் (நிஜம் மாதிரியான கட்டடப் படம்) போடுகிற ஆளை அல்ல. ரெண்டர் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிந்த, பேசியதைக் கேட்டுத் தன் வரைபடத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அதை எஸ்ஓபி-யில், அதாவது ஏன் வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையில், எழுதி நிரூபிக்க முடியாது. ஒரு தெருவை எடுத்துச் செய்து காட்ட வேண்டும், அதற்குக் கல்லூரி அனுமதியோ யாருடைய நிதியோ தேவையில்லை.

உதாரணத்துக்கு விளாச்சேரி. கொலு பொம்மை செய்கிற ஊர், மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு தெருவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பாருங்கள். மண்ணில் செய்த பொம்மையை எடுத்தவுடன் நேர் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், முதலில் நிழலில் ஆற வேண்டும், அப்புறம் வெயில், அப்புறம் சூளை, அதற்குப் பிறகுதான் வர்ணம். அதாவது ஒரு வீட்டுக்கு நிழலான இடமும் வெயில் படும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும், நிழல் நகர நகரப் பலகைகளும் நகரும். காலையில் திண்ணையில் இருந்தது மத்தியானம் எங்கே போகிறது, தெருவில் எத்தனை அடி வரை வருகிறது, பைக் வந்தால் யார் எழுந்து நகர்த்துகிறார்கள்? இதைக் காலை ஏழு, பதினொன்று, மூன்று, ஐந்தரை என்று நான்கு பிளானாக ஒரே ஸ்கேலில் வரையுங்கள். அந்த நான்கு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, இவர்களுக்கு வாசல் இல்லாத அடுக்குமாடி வீடு கொடுத்தால் தொழில் என்ன ஆகும் என்பது ஒரு வரி எழுதாமலே தெரியும். ராஜாக்கூர் மாதிரி ஊருக்கு வெளியே குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்புகளையும் இதே கண்ணோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள், மாடிப்படிக்குக் கீழே, வராண்டாவில், கைப்பிடிச் சுவரில் மக்கள் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று.

விளாச்சேரிதான் வேண்டும் என்று இல்லை. செல்லூரில் நெசவு வீடு, மேலூர்ப் பக்கம் ஒரு ஊருணிக்கரை, உங்கள் சொந்தத் தெருவின் தண்ணீர்க் குழாய், எதுவும் சரிதான். வீட்டுக்குப் பக்கமாக இருந்தால் திரும்பத் திரும்பப் போக முடியும், அதுதான் முக்கியம்.

டேப்பும் நோட்டுமாகத் தெருவில் இறங்கினீர்கள் என்றால் முதல் பத்து நிமிஷத்தில் ஒரு கேள்வி வரும். "என்ன தம்பி, பட்டா குடுக்கப் போறாகளா?" இல்லாவிட்டால் அதற்கு நேர் எதிர்: "வீட்டை எடுக்கச் சொல்லி அளக்குறீகளா?" அளக்க வருகிறவர்கள் என்றால் அவர்கள் அனுபவத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். "இல்லம்மா, காலேஜ்ல படிக்கிறேன், வீடு எப்படி இருக்குன்னு வரைஞ்சு படிக்கிறதுக்கு. பட்டாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வரைஞ்சதைக் கொண்டாந்து காட்டுறேன்." ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டேப்பை எடுக்கும் முன் தெருவில் பெரியவர்கள் யார் என்று விசாரித்து அவர்களிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது, டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் பையன்கள் தனியாகப் போய் அளக்காதீர்கள், வகுப்புத் தோழி ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேட்காமல் போட்டோ எடுக்கவே வேண்டாம், குளிக்குமிடம், சமையலறை எல்லாம் ஸ்கெட்ச் போதும்.

பிறகு சொன்னபடி வரைந்ததை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். ஏ-3 பிரிண்ட் ஒன்று, பென்சில் ஒன்று. பிளான் என்பதைப் படித்துப் பழகாதவர்கள் கூட, "இதுதான் உங்க வாசல், இது வேப்பமரம்" என்று இரண்டு அடையாளத்தைக் காட்டிவிட்டால் மீதியைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். "இங்க ஒரு கல்லு கிடக்குமே, அதுல தான அப்பத்தா உக்காரும், அதைப் போடலையே" என்பார்கள். அந்தக் கல்லை அவர்கள் முன்னாலேயே பென்சிலில் போடுங்கள். அந்தத் திருத்தம் விழுந்த தாளை ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள்.

போர்ட்ஃபோலியோ

பதினைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம், பத்து எம்பி-க்குள் பிடிஎஃப். அந்தத் திருத்தம் விழுந்த தாளுக்கு முழுப் பக்கம் கொடுங்கள், பக்கத்தில் திருத்திய பிளான். என்னைக் கேட்டால் அதுதான் உங்களுடைய வலுவான பக்கம், ஏர்போர்ட் டிசைன் அல்ல. ஸ்டுடியோ வேலையில் இரண்டோ மூன்றோ போதும். இருக்கும் கட்டடத்தை அளந்து வரைந்த மெஷர்டு டிராயிங் நன்றாக இருந்தால் கட்டாயம் சேருங்கள், மாசி வீதிப் பழைய வீடோ காரைக்குடிப் பக்கம் அளந்ததோ எதுவானாலும். ஆர்க்கிடெக்சர் மாணவர் சங்கமான நாசா நடத்தும் போட்டியில் லூயி கான் டிராஃபிக்கு ஆவணப்படுத்தியதில் நீங்கள் இருந்தீர்கள் என்றால் அதையும் போடலாம், ஆனால் முப்பது பேர் செய்த வேலையில் நீங்கள் வரைந்த ஷீட் எது என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் எதுவுமே வரையவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

தமிழில் பேட்டி எடுத்து ஆங்கிலத்தில் எழுதத் தெரியும் என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். தென்மாவட்டங்களில் வேலை வைத்திருக்கும் வெளிமாநில அமைப்புக்கு அது ரெவிட் மென்பொருள் தெரிந்ததைவிடப் பெரிய விஷயம். சௌராஷ்டிரமோ தெலுங்கோ வீட்டில் பேசுகிறீர்கள் என்றால் அதையும்.

மெயிலில் என்ன எழுதுவது

குறைவாக. நீங்கள் யார், எந்த வருஷம். அவர்களுடைய எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. நீங்கள் செய்த தெரு வேலை பற்றி இரண்டு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். ஸ்டைபெண்டும் தங்குமிடமும் உண்டா. அவ்வளவுதான், ஒரு போன் திரைக்குள் அடங்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்யும் ஆசை இருந்தது என்று தொடங்கும் மெயில்களைப் படித்துப் படித்து அவர்களுக்குக் கண் வலித்திருக்கும். ஒரே மெயிலை இருபது பேருக்கு அனுப்பி அதில் அகமதாபாத்காரருக்குப் போனதில் மும்பை அமைப்பின் பெயர் நிற்பது எல்லாம் நடக்கிறது, அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

பதில் வந்து போனில் பேசும்போது நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டைபெண்ட் மாதாமாதம் வருமா, முடிவில் மொத்தமாகவா? சைட்டுக்குப் போகும் செலவு யாருடையது? ஆபீஸில் எத்தனை நாள், சைட்டில் எத்தனை நாள்? இதற்குத் தெளிவாகப் பதில் வராவிட்டால் இரண்டு மாதமும் ஏசி ரூமில் அறிக்கைக்குப் படம் ஒட்டும் வேலையாகப் போக வாய்ப்பு அதிகம். நான் வரைந்ததை என் போர்ட்ஃபோலியோவில் போடலாமா, அறிக்கையில் என் பெயர் வருமா? பெண் பிள்ளைகள் கூடுதலாக, தங்குமிடம் எங்கே, சாயங்காலம் சைட்டிலிருந்து திரும்ப வண்டி யார் ஏற்பாடு, பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் வருஷச் சட்டம், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஒப்புக்கொண்ட தொகை, தேதி, தங்குமிடம் மூன்றையும் மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் போனஃபைட் சான்றிதழும் எச்ஓடி கடிதமும் முன்கூட்டியே வாங்குங்கள், லீவு விட்டபிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. அரியர் தேர்வுத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷப் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க வரும் பிராக்டிகல் டிரெய்னிங் வேறு, இந்தக் கோடை வேலை வேறு. டிரெய்னிங் பொதுவாகக் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்த ஆர்க்கிடெக்ட்டிடம் செய்ய வேண்டியது, எட்டு வாரக் கோடை அந்தக் கணக்கில் வராது.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் இரண்டு வாரம் டிசைன் பேச்சே வேண்டாம். கூட இருக்கும் களப்பணியாளர் பல வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறவர், பெரும்பாலும் அந்த ஊர் அக்காவாகத்தான் இருப்பார், ஆர்க்கிடெக்ட்டைவிட அவருக்குத்தான் அந்த இடம் தெரியும். அவர் பின்னால் நடங்கள், அவர் யாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறார் என்று பாருங்கள். காலை ஆறரைக்கு அளக்க ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடித்துவிடுங்கள், மே மாத வெயில் மதுரையில் மட்டும் இல்லை.

எங்கே போனாலும் "எப்ப வீடு கட்டித் தருவீங்க?" என்று கேட்பார்கள். உங்கள் கையில் இல்லாததைச் சொல்லாதீர்கள். பார்க்கலாம், சொல்கிறேன், செய்துடலாம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் ரயில் ஏறிய பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த அக்காதான். தெரியாத கேள்விக்கு, "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதே போதும்.

தினமும் ராத்திரி அரைப் பக்கம் எழுதுங்கள்: யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், எது மாறியது. அறிக்கைக்கும் அடுத்த போர்ட்ஃபோலியோவுக்கும் அதுதான் சரக்கு. அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தத் திட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று வரைவை நீங்களே அடித்துக் கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். கடைசி மாத ஸ்டைபெண்ட் வர வேண்டிய கணக்கு எண்ணை அக்கவுண்ட்ஸில் இன்னொரு தடவை சரிபாருங்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு உங்கள் வரைபடத்தின் பிரிண்ட் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள், லேமினேட் செய்து கொடுத்தால் சுவரில் மாட்டி வைப்பார்கள்.